கூரையில்லாச் சத்திரங்கள்

கும்மிடிப்பூண்டியில் ஆலைச் சங்கு ஊதி ஜனங்கள் வெளிவரும் மாலை வேளையில், வானம் தெளிந்த நாளாயிருப்பின், வடமேற்கே அடிவானத்தில் நீலக் கோடு ஒன்று தென்படும். முதற்பார்வைக்கு அதை மேகமென்றே நினைக்கத் தோன்றும். அது கம்பாக்கம் மலைத்தொடர். திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டைச் சாலையில் செல்வோருக்கு நாகலாபுரத்து மலைகளும் அவ்வாறே காட்சியளிக்கும். வாரத்தில் ஆறு நாள் உலைச் சூட்டிலும் யந்திர ஓசையிலும் உழலும் மக்களுக்கு இத்துணை அருகில் மலையும் சுனையும் அமைந்திருப்பது பெரும் பாக்கியம் என்றே சொல்லவேண்டும்.

ஆனால் அந்தப் பாக்கியத்தை அநுபவிக்க வழி யாது? ஞாயிற்றுக்கிழமை விடியலில் மோட்டார் சைக்கிளிலோ வேனிலோ புறப்பட்டு, வெயில் ஏறிய பிறகு மலையை அடைந்து, பாறையில் வழுக்கி, அவசரமாக நீராடி, பொழுது சாயுமுன் திரும்பி ஓடிவர வேண்டியதுதான். மலையின் அழகெல்லாம் அந்தியிலும் விடியலிலும் அல்லவா இருக்கிறது? அவ்விரண்டையும் காணவேண்டுமாயின் ஓர் இரவு தங்கியாக வேண்டும். தங்குவதற்கோ, பணக்காரர்களுக்குரிய விடுதி வேண்டும். இல்லையேல் எவர் உத்தரவுமின்றிக் காட்டுக்குள் கூடாரம் அடித்துக் கிடக்க வேண்டும். முன்னது நம் கைக்கு எட்டாது. பின்னது உயிருக்கு ஆபத்து. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வழி உண்டு. பிற தேசங்களில் நெடுங்காலமாக நடந்துவருவதும், நம் முன்னோர் வேறொரு வடிவில் நன்கு அறிந்திருந்ததுமான அவ்வழியைப் பற்றியே இங்குச் சொல்லப் புகுந்தோம்.

வீட்டை இழுத்துச் சென்ற வைத்தியர்

"காரவன்" என்ற சொல்லைச் சினிமாப் படப்பிடிப்புகளின் வாயிலாக நம்மவர் யாவரும் அறிவர். நட்சத்திரங்கள் இளைப்பாறும் குளிர்சாதன வண்டி என்பதே அதற்கு நம் ஊரில் வழங்கும் பொருள். மேல்நாட்டிலோ அது சாமானியக் குடும்பங்களின் விடுமுறை வாகனம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகிய யாவும் அடங்கிய சிறு வீடொன்றைச் சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தி வாழ்வது.

உல்லாசப் பிரயாணத்துக்கென்றே இவ்விதமான வண்டியை முதன்முதலில் செய்வித்தவர் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் பிரிட்டிஷ் கடற்படை வைத்தியர். 1885-ஆம் ஆண்டில் அவர் இரண்டு குதிரைகள் பூட்டிய பெரிய மரவண்டியில் இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து புறப்பட்டு ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகர் வரையில் சென்றார். அக்காலத்துச் சாலைகள் குறுகலானவை. ஆகையால் எதிரே வருவோரை எச்சரிப்பதற்காக அவருடைய சேவகன் முச்சக்கர சைக்கிளில் முன்னே போய்க்கொண்டிருந்தானாம்! 1907-ல் இங்கிலாந்தில் காரவன் பிரயாணிகள் தங்களுக்கென ஒரு சங்கமே அமைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் மோட்டார் தொழிலதிபர் ஹென்றி போர்டும் விஞ்ஞானி எடிசனும் ரப்பர்ச் சக்கர வியாபாரி பயர்ஸ்டோனும் கூடிக்கொண்டு, 1924 வரையில் பல கோடைகளில் மோட்டார் வண்டிகளில் கூடாரங்களை ஏற்றிச் சென்று காட்டிலும் மலையிலும் தங்கினார்கள். அவர்களைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகளில் படித்த ஜனங்களுக்கும் அந்த ஆசை பற்றிக்கொண்டது.

வண்டிகள் பெருகவே, அவற்றை நிறுத்துவதற்கு இடம் வேண்டியதாயிற்று. அதற்கு அமெரிக்கக் காட்டிலாகாவினர் கண்ட ஏற்பாடு நாம் கவனிக்கத் தக்கது.

எளிய முகாமின் இலட்சணம்

அந்நாட்டு மலைக்காடுகளில் உள்ள முகாம்களில் சில மின்சாரமும் வெந்நீரும் உடையவை. பெரும்பாலானவை மிக எளியவை. அந்த எளிய முகாமில் என்ன இருக்கும்? மரங்களுக்கிடையே ஒரு வண்டி நிற்கும் அளவுக்குச் சமன் செய்த தரை. ஒரு மர மேஜை. தீ பரவாமல் தடுக்கும் இரும்பு வளையத்துக்குள் அடுப்பு. பொதுவில் ஒரு கைப்பம்பு. சற்றுத் தள்ளிக் கழிப்பிடம். இவ்வளவே. விளக்கு இல்லை, கடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை.

கழிப்பிடத்தின் அமைப்பை மட்டும் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். முகாமின் மானமே அதில்தான் இருக்கிறது. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத வகை அது. நிலத்துக்கடியில் கசிவில்லாத கான்கிரீட் தொட்டி. அதிலிருந்து கூரைக்கு மேலே உயரும் கறுப்புக் குழாய். அக்குழாய் வெயில் படும் பக்கத்தில் நிறுத்தப்படும். வெயிலில் குழாய் சூடேறியதும் உள்ளேயுள்ள காற்று மேலெழும்பும். அந்த இழுப்பில் தொட்டியின் நாற்றமும் மேலே போய்விடும். உள்ளே நிற்பவருக்கு வெளிக்காற்றே வீசும். தொட்டி நிரம்பியதும் லாரி வந்து அள்ளிச் செல்லும். ஊற்று நீரில் ஒரு துளி அசுத்தமும் கலவாது. சூரியனும் காற்றும் கூலியில்லாமல் வேலை செய்கின்றன. வெயிலுக்குப் பஞ்சமில்லாத திருவள்ளூர் ஜில்லாவுக்கு இதைவிடப் பொருத்தமான யந்திரம் வேறென்ன உண்டு?

வண்டியிலேயே கழிப்பறை உள்ளவர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அவர்கள் வண்டியின் அழுக்குத் தொட்டியை முகாமில் திறந்துவிடக் கூடாது. அதற்கென வசதி செய்த வேறிடத்துக்குக் கொண்டுபோய்த்தான் காலி செய்யவேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் ஓடையருகே கொட்டலாகாது.

முகாமின் நிர்வாகமோ இன்னும் எளிது. பல இடங்களில் கட்டணம் வசூலிக்க ஆளே கிடையாது. வாயிலில் ஓர் இரும்புப் பெட்டி நிற்கும். வந்தவர் பணத்தை உறையிலிட்டுப் பெட்டியில் போட்டுவிட்டுத் தம் இடத்துக்குப் போகவேண்டும். நம் கோயில் உண்டியலைப் போலத்தான். வயோதிகத் தம்பதிகள் சிலர் பருவம் முழுவதும் தங்கள் வண்டியிலேயே அங்கு வசித்து, வருவோருக்கு வழி சொல்லி, துப்புரவைக் கவனித்து, அதற்கு ஈடாகக் கட்டணமின்றித் தங்கிக்கொள்கிறார்கள். ஒருவரே இடத்தைப் பிடித்துக்கொள்ளாதபடி, தேசியக் காடுகளில் பெரும்பாலும் 14 நாளுக்குமேல் ஓரிடத்தில் தங்கவும் அநுமதியில்லை.

நமக்கு இது புதிதா?

இதையெல்லாம் படிக்கும் நேயர்களில் சிலர், "இது வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கெதற்கு?" என்று கேட்கக்கூடும். அவர்கள் தங்கள் பாட்டனாரை நினைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ரயிலும் பஸ்ஸும் பெருகுவதற்கு முன்னால், திருத்தணி ஆடிக் கிருத்திகைக்கும் திருப்பதிப் புரட்டாசித் திருநாளுக்கும் இந்த ஜில்லாவின் குடும்பங்கள் எப்படிப் போயின? கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமக்காளத்தை விரித்து, குழந்தைகளை ஏற்றி, அச்சின் கீழே லாந்தரைத் தொங்கவிட்டு, இரவெல்லாம் பிரயாணம் செய்தன. வெயில் ஏறியதும் ஒரு தோப்பில் மாடுகளை அவிழ்த்துவிட்டு, மூன்று கல்லைக் கூட்டி உலை வைத்தன. மலையடிவாரம் வந்ததும் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, வண்டியே வீடாகத் தங்கின. ஸ்டேபிள்ஸ் வைத்தியர் செய்ததை நம் பாட்டிமார் அவருக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே செய்திருக்கிறார்கள். அதற்காக அவர்கள் புத்தகம் எழுதவில்லை; சங்கமும் வைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரயாணிக்கு வேண்டியவற்றை அமைப்பது தருமம் என்பதும் நம் நாட்டில் வேரூன்றிய எண்ணம். சாலையோரத்தில் சாவடி, தோப்பு, குளம். சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல். கோடையில் தண்ணீர்ப் பந்தல். ஊருக்கு ஊர் சத்திரம். தஞ்சையை ஆண்ட சரபோஜி மன்னர் தம் ராஜ்யத்தின் சத்திரங்களுக்குக் குறைவு நேரலாகாதென்று 1801-ஆம் ஆண்டில் கம்பெனியாரின் ரெஸிடெண்டுக்கு உருக்கமாகக் கடிதம் எழுதினார். ஆட்சி கையை விட்டுப் போன பின்னரும், வழிப்போக்கரின் சோறும் நிழலும் அந்த மன்னருக்குப் பெரிதாகத் தோன்றின.

எளிய மலைமுகாம் என்பது கூரையில்லாத சத்திரமேயாம். கூரையை வருபவரே கொண்டுவருகிறார். தண்ணீரும் சுத்தமும் காவலும் மட்டும் ஊரார் அளிக்கவேண்டியவை.

ஏற்பாடு இல்லாததன் விலை

இவ்வேற்பாடு இல்லாதபோது என்ன நேர்கிறது என்பதை நாம் துக்கத்தோடு அறிந்திருக்கிறோம்.

2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் சென்ற கோஷ்டியினர் தேனி ஜில்லாவில் குரங்கணியிலிருந்து மலையேறிக் கொழுக்குமலையில் இரவு தங்கினார்கள். 11-ஆம் தேதி இறங்கி வருகையில், காய்ந்த புல்வெளியில் பரவிவந்த காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் வேலையில் அமர்ந்து சொந்தக் காலில் நின்ற இளம் வயதினர். மலையைக் காணவேண்டும் என்ற ஆசை ஒரு குற்றமா? தீ எப்பொழுது வரும், எந்தச் சரிவில் இறங்கலாகாது என்பதை அறிந்த உள்ளூர்க் காவலும், உரிய அநுமதியும், உரிய பருவமும் அன்று ஒன்றுகூடியிருந்தால் அத்தனை உயிர்களும் போயிருக்கமாட்டா. அதே ஆண்டில் தமிழக சர்க்கார் மலையேற்றத்துக்கென விதிகளை வகுத்தார்கள்.

2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் ஒரு விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த இளம் பெண்ணொருத்தியைக் காட்டு யானை கொன்றது. அதே மாதத்தில் நீலகிரியின் மசினகுடியில், விடுதிப் பக்கம் வந்த யானையின் மீது யாரோ தீப்பற்றிய பொருளை எறிய, அது காதில் எரிகாயத்தோடு அலைந்து உயிரை விட்டது. முதற் சம்பவத்தில் மனிதர் யானையின் வழியில் தங்கியதால் மனிதர் மாண்டார். இரண்டாவதில் யானை மாண்டது. எந்த இடத்தில் தங்கலாம், எந்த இடத்தில் தங்கலாகாது என்பதை வியாபாரத்தின் பொறுப்பில் விட்டுவிட்டால் விளைவு இதுவே.

நம் பக்கத்து மலைகளிலும் அபாயம் இல்லாமலில்லை. நாகலாபுரமும், தடா அருவி என்று நம்மவர் அழைக்கும் உப்பலமடுகும் ஆந்திர மாநிலத்துத் திருப்பதி ஜில்லாவைச் சேர்ந்தவை. அங்குள்ள ஆழ்ந்த சுனைகளில் நீச்சல் அறியாமல் இறங்கி உயிரிழந்தோர் உண்டு. மேலே மழை பெய்தால் கீழே வெயில் காயும்போதே ஓடையில் வெள்ளம் புரண்டு வரும். ஓடை மணலில் படுத்திருப்பவருக்கு அது அறிவித்துவிட்டு வருவதில்லை.

கேரளம் செய்திருப்பது

அண்டை நாடான கேரளம் 2021-ஆம் ஆண்டில் காரவன் பிரயாணத்துக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. வண்டி வாங்குவோருக்கு உதவித்தொகை, வண்டிகள் நிற்பதற்கான பூங்காக்கள் என்று அதில் ஏற்பாடு செய்தார்கள். மறு ஆண்டிலேயே இடுக்கி ஜில்லாவின் வாகமண் மலையில் அந்நாட்டின் முதல் காரவன் பூங்கா திறக்கப்பட்டது. முயற்சி பாராட்டத் தக்கதே. ஆயினும் குளிர்சாதனமும் சொகுசுப் படுக்கையும் உடைய வண்டியை ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுப்பது ஆலைத் தொழிலாளி ஒருவரால் இயலுமா? சொகுசு வண்டியைச் சொந்த வாகனமாகக் கொண்டவர்களுக்கு உலகில் எங்கும் இடம் கிடைக்கும். நாம் கேட்பது, வேனின் பின்னிருக்கையை மடக்கிப் பாயை விரித்துக்கொள்கிறவருக்கும், மோட்டார் சைக்கிளில் சிறு கூடாரத்தைக் கட்டிவருகிறவருக்குமான இடத்தை.

குடியம் காட்டும் வழி

அத்தகைய இடம் திருவள்ளூர் ஜில்லாவில் அமைய முடியுமா? முடியும் என்பதற்குக் குடியம் ஒன்றே போதும்.

1944-ல் கட்டி முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டிச் சென்றால் குடியம் என்னும் சிற்றூர் வரும். அங்கிருந்து முட்புதர்க் காட்டினூடே சிறிது தூரம் நடந்தால், கூழாங்கற்களை அப்பிச் செய்ததுபோன்ற செம்பாறைச் சுவர் ஒன்று திடீரென எழுந்து நிற்கும். அதன் அடியில் மழைக்கு ஒதுங்கத்தக்க பெரிய பாறைக் குடைவுகள் இருக்கின்றன. கற்காலத்து மனிதர் அங்குத் தங்கியிருக்கிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் தொல்பொருள் இலாகாவினர் அங்கே அகழ்ந்து கற்கருவிகளை எடுத்தார்கள். அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் புட் என்னும் பூகர்ப்ப ஆராய்ச்சியாளரும் வில்லியம் கிங் என்பவரும் 1863-ஆம் ஆண்டிலேயே கற்கோடரிகளைக் கண்டனர். அவற்றில் மிகப் பழையவை ஏறக்குறைய 15 லக்ஷம் ஆண்டுகளுக்கு முற்பட்டவையென 2011-ல் வெளியான ஆராய்ச்சி தெரிவிக்கிறது. மலையடிவாரத்தில் நீருக்கருகே, ஆனால் வெள்ளத்துக்கு எட்டாத மேட்டில் தங்குவது என்ற கலையில் நம் ஜில்லாவுக்கு உள்ள அநுபவம் லேசானதன்று!

2024-ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழகக் காட்டிலாகாவினர் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் குடியம் குகைப் பாதையும் ஒன்று. முன்கூட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். காட்டுத்தீக் காலத்தில் பாதைகள் மூடப்படும். ஒழுங்கான ஏற்பாடு. பகலுக்கு இவ்வொழுங்கு வந்துவிட்டதால், இரவுக்கும் ஓர் ஒழுங்கு வருவது அசாத்தியமன்று.

நாம் விரும்புவது இதுதான். காப்புக் காட்டுக்குள் ஓர் ஆணியும் அடிக்க வேண்டாம். காட்டுக்கு வெளியே, மலையடிவாரத்துக் கிராமத்தின் பொது நிலத்தில், ஓடைக்கு எட்டாத மேட்டில், இருபது வண்டிகளுக்கு மட்டும் இடம் வகுக்கட்டும். ஒரு கைப்பம்பு, மேற்சொன்ன விதமான கழிப்பிடங்கள், கல் பதித்த அடுப்புகள், ஒரு காவற்குடிசை ஆகியவை போதும். நிர்வாகம் கிராமப் பஞ்சாயத்தின் கையில் இருக்கட்டும். கட்டணம் அதன் பொக்கிஷத்துக்கே சேரட்டும். காவலுக்கு இருளர் குடும்பங்களை அமர்த்தலாம். இந்தப் பக்கத்துக் காட்டை அவர்களைவிட அறிந்தவர் யார்? பாம்பு பிடிக்கும் வித்தையில் அவர்களுக்குள்ள தேர்ச்சிக்காக 2023-ல் இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ விருதே அளிக்கப்பட்டது. இரவில் பாம்பென்றதும் கம்பைத் தேடும் பட்டணத்தாருக்கு, பாம்பைக் கொல்லாமல் அகற்றத் தெரிந்த ஒருவர் அருகிலிருப்பது எவ்வளவு தைரியம்!

பருவத்தையும் வரையறுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும். மாசி பாதிக்குமேல் காய்ந்த புல்லும் தீ பயமும். சித்திரை, வைகாசியில் பாறையே கொதிக்கும். மார்கழி நடுவிலிருந்து மாசித் தொடக்கம் வரையிலான ஒன்றரை மாதமே உத்தமம். மற்றக் காலத்தில் முகாமைப் பூட்டி வைப்பதே நலம். மலைக்கும் ஓய்வு வேண்டுமல்லவா?

வருவோர் கடமை

இனி, வருகிறவர்கள் கைக்கொள்ள வேண்டிய சில முறைகள். பகல் வெளிச்சத்திலேயே இடம் சேரவேண்டும். வண்டியைச் சமனான தரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுக்கவேண்டும். பூட்டிய வண்டிக்குள் அடுப்பு மூட்டுவது தற்கொலைக்கு ஒப்பாகும்; கரிப்புகை வாசனையின்றிக் கொல்லும். மிச்சச் சோற்றை வெளியே வைத்தால் குரங்கும் பன்றியும் வரும். பிறகு அவை மனிதரைக் கண்டால் சோற்றையே நினைக்கும். அடுப்பை அணைப்பதென்றால் தண்ணீரை ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலின்மேல் புறங்கையை நீட்டிப் பார்த்துச் சூடு முற்றிலும் அடங்கியது தெரிந்த பிறகே அகலவேண்டும். பாட்டுப் பெட்டிக்கு அங்கு வேலையில்லை. கொண்டுவந்த கண்ணாடிப் புட்டியும் பிளாஸ்டிக் பையும் கொண்டுவந்தவரோடேயே ஊர் திரும்பவேண்டும்.

"மலையை மலையாக விட்டுவிடுங்கள், ஜனங்களைக் கூட்டிச் செல்லாதீர்கள்" என்று சொல்லும் நல்லவர்களும் உண்டு. அவர்களுடைய கவலை நியாயமானது. ஆனால் ஜனங்கள் ஏற்கனவே போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள்? தடுத்தால் திருட்டு வழியில் போகிறார்கள். திருட்டு வழியில் போகிறவர் குப்பையைத் திரும்ப எடுத்துவருவதில்லை. ஆபத்து நேர்ந்தால் உதவிக்குக் கூப்பிடவும் அஞ்சுகிறார். ஒழுங்கான ஓர் இரவைக் கழித்துத் திரும்பிய குடும்பமோ, அம்மலையில் கல் உடைக்க வெடி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அது தன் சொந்தச் சொத்துக்கு வந்த ஆபத்தெனத் துடிக்கும். மலைக்கு அதைவிடச் சிறந்த காவல் வேறில்லை.

சுதந்தர தேசத்தில் மலையும் நதியும் குடிகள் யாவருக்கும் பொது. ஆனால் பொதுச் சொத்தை அநுபவிக்கப் பணமுள்ளவருக்கு மட்டுமே வசதி இருந்தால் அது பெயரளவில்தான் பொது. கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் உலை முன் நிற்கும் ஒருவர், தம் மனைவி மக்களோடு தை மாதத்துப் பனியில் மலையடிவாரத்தில் கண் விழித்து, முதல் வெயில் பாறைமேல் படிவதைக் கண்டு, வாரக் கூலியில் பெரும்பகுதியை இழக்காமல் திரும்பிவருவதற்கு வேண்டியவை கொஞ்சம் மேட்டு நிலமும், ஒரு கைப்பம்பும், நேர்மையான நிர்வாகமுமே. பஞ்சாயத்துத் தலைவர்களும் காட்டிலாகா அதிகாரிகளும் மனம் வைத்தால் அடுத்த தைக்குள் இதைச் செய்து முடிக்கலாம்.